நான்கு பேரை எல்லையாகக் கொண்ட வீடு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டவள், எதை முன்னால் வைக்க வேண்டும் எதைப் பின்னால் வைக்க வேண்டும் என்று தெரியாது, மாவு மில்லுக்குப் போய்வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாலே நாலு இடத்தில் சிக்கிக்கொள்வேன், என் கணவர் கலியபெருமாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "மாவு அரைச்சாச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லு அஞ்சலை" என்பார். இதுவோ மாவு அரைத்த கதை இல்லை. இதில் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்குச் சொந்தக்காரியான ஒரு மதாமின் ஐம்பது வருஷத்து ஆசை இருக்கிறது, நாலு பேருடைய பிழைப்பு இருக்கிறது, என் தையல் மெஷினுக்கு வெளிச்சம் வரும் ஒரு ஜன்னல் இருக்கிறது. ஒரு வார்த்தை கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் இத்தனையும் ஆடிப்போகும். ஆனால் கடற்கரையில் சுண்டல் விற்கிறவர்கள்கூட ஆளுக்கொரு விதமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், வீட்டுக்குச் சக்கரம் இருந்தது என்கிறார்கள், யானை கட்டி இழுத்தார்கள் என்கிறார்கள். சக்கரமும் இல்லை, யானையும் இல்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாண்டிச்சேரி. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் நூல் பிடித்து, கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டியதுபோலத் தெருக்களைப் போட்டிருக்கிறார்கள். தையல்காரியான எனக்கு இன்றைக்கும் ஒரு தெருமுனையில் நின்று மறுமுனையைப் பார்த்தால், இத்தனை நேராக வெட்டிய கை யாருடையதோ என்று மனசு குளிர்ந்துபோகும். ஊருக்கு நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வீடுகள், மஞ்சள் சுவரும் வெள்ளைக் கரையும், மதில்மேல் காகிதப்பூக் கொடியும், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கதவும். மேற்கே நம் ஜனங்கள் கட்டிய வீடுகள். நடுவில் இருக்கும் வாய்க்கால் முப்பது அடி அகலம்தான், ஆனால் அந்த முப்பது அடியைத் தாண்டினால் வாடகை ஐந்து மடங்கு.

நாங்கள் குடியிருக்கும் வீடு மேற்குப் பக்கத்தில், மெழுகுத்திரிக்காரத் தெரு வளைந்து திரும்பும் முனையில், வாய்க்காலைப் பார்த்தபடி நின்றது. பதினாலு அடி அகலம், நாற்பத்தெட்டு அடி நீளம், ரயில் பெட்டிபோல ஒடுக்கமான வீடு. கீழே தமிழ் வீடு, மரத்தூணும் செதுக்கிய நிலைக்கதவும் குனிந்துபோகும் அறைகளுமாக. மேலே பிரெஞ்சு வீடு, வளைவு ஜன்னலும் சுண்ணாம்பில் செய்த பூமாலையும் கைப்பிடிச் சுவருமாக. யாரோ ஒரு பெரியவர் கீழே கட்டியதும் ஆசை தீராமல் மேலே வேறு மாதிரி கட்டியிருக்கிறார். கீழே நாங்கள். மேலே மதாம் செலஸ்தின், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இறந்துபோன ஒருவரின் மனைவி, எழுபத்திரண்டு வயதிலும் முழங்கால் வரை கவுன் போட்டு முகத்துக்குப் பவுடர் பூசி, முதுகு வளையாமல் படியிறங்கி வருவார். அவரைப் பார்த்துத்தான் நான் கூன் போடாமல் மெஷினில் உட்காரப் பழகினேன். அவர் இதே வீட்டில் பிறந்து, சின்னப் பெண்ணாக வாய்க்காலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவர். கிழக்கே ஒரு வீடு பார்க்கிறேன் என்று கணவர் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னாராம். பார்ப்பதற்குள் போய்விட்டார்.

பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம். அதற்கு முன்னால் ஏழு வீடு மாறி, ஒரு வீட்டில் அம்மிக்கல்லையும் ஒரு வீட்டில் காய்க்கத் தொடங்கிய முருங்கையையும் விட்டுவிட்டு வந்தவள் நான். இங்கே இத்தனை வருஷமாகியும் சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை, காலண்டர்கூட அலமாரிக் கைப்பிடியில்தான் தொங்குகிறது. எங்கள் ஊரில் வாடகைப் பத்திரம் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள், அதற்கு மேல் எழுதினால் பதிவு செய்ய அலைய வேண்டும். எங்களுடையது தையில் எழுதினால் கார்த்திகையில் முடியும். நடுவில் மார்கழி. மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை, யாரையும் கிளப்புவதும் இல்லை, அதனால் அந்த ஒரு மாதம் பத்திரமே இல்லாமல் நம்பிக்கையில் ஓடும். எல்லோருக்கும் ஓடும். நான் மட்டும் அந்த மாதத்தைக் காலண்டரில் நாள் நாளாக எண்ணிக்கொண்டிருப்பேன்.

போன வருஷத்து மார்கழியில் ஒரு நாள் காலை வாசல் தெளிக்கப் போனேன். முந்தின நாள் போட்ட கோலத்தில் ஒரு வரிசைப் புள்ளியைக் காணவில்லை. பெருக்கி அழிந்ததுபோல இல்லை, நிலைப்படிக்கு அடியில் போயிருந்தது.

"ஏங்க, நேத்துக் கோலத்துல ஒரு வரிசையக் காணும்."

"எறும்பு தூக்கிக்கினு போயிருக்கும்."

"வரிசையா வந்து ஒரே வரிசைய மட்டும் தூக்கிக்கினு போவுமா?"

"எறும்பு வரிசையாத்தான் வரும்," என்று சொல்லிவிட்டு அவர் ரொட்டிக் கடைக்குப் புறப்பட்டார். ரொட்டி அடுப்பு வேலை அவருக்கு. உலகத்தில் எது நடந்தாலும் மாவு உப்பிவிட்டதா என்பதுதான் அவருக்குக் கவலை.

மறுநாள் இன்னும் இரண்டு வரிசை. நான் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் எதிர் விளக்குக் கம்பத்துக்கும் எங்கள் நிலைப்படிக்கும் அளந்தேன், அடுத்த நாளும் அளந்தேன், அதற்கடுத்த நாளும் அளந்தேன். ஒரு நாளைக்கு ஓர் அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பால்காரர் வந்துபோன பிறகும் என் கணவர் புறப்படுவதற்கு முன்னும், ஆட்டுக்கல்லை லேசாக உருட்டுவதுபோல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான், அடுப்பில் இருக்கும் பால்கூடத் தளும்பாது. வீடு நடந்துகொண்டிருந்தது.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதை நினைத்தால் இந்த ஊரில் பிறந்ததற்கு எனக்குப் பெருமையாக இருக்கிறது. யாரும் கூட்டம் போட்டுக் கத்தவில்லை. தண்ணீர்க் குழாய்க்காரர் வந்து பார்த்து, தினம் ஓர் அடி குழாய் வைத்து ஒட்ட முடியாது என்று சொல்லி, நூறு அடி ரப்பர்க் குழாய் ஒன்றைச் சுருட்டி வைத்துவிட்டு, தீர்ந்ததும் சொல்லுங்கள் என்று போனார். மின்சாரக் கம்பி இழுப்பவர்கள் கம்பியைத் தொய்வாக விட்டார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, நடுத்தெருவில் வீடு கட்டக் கூடாது என்றுதான் சட்டம் இருக்கிறது, கட்டிய வீடு நடுத்தெருவுக்கு வந்தால் என்ன செய்வதென்று இல்லை என்று யோசித்து, "வீடு வருகிறது, ஒதுங்கிச் செல்லவும்" என்று தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரு நீலத் தகடு அடித்து மாட்டினார். சுவருக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பக்கமும் நாலு நாலு அடி இருந்தது, மோட்டார் சைக்கிள்காரர்கள் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போனார்கள். எந்த வீட்டுக்கு எதிரே எங்கள் வீடு நின்றதோ அந்த வீட்டு அடுப்படியும் என் அடுப்படியும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும், அவர்கள் ரசம் வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம், நான் கருவாட்டுக் குழம்பு வைத்தால் அவர்களுக்கு ஒரு கிண்ணம். ஒரு மாதம் இரண்டு மாதம் இப்படிப் பழகிவிட்டு வீடு நகர்ந்துபோகும்போது அந்தப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாசி மாதம் ஒரு கல்யாண ஊர்வலம் மேளத்தோடு வந்து, சந்தில் நாதஸ்வரக்காரர் மாட்டிக்கொள்வார் என்று தயங்கி நின்றபோது, நான் பின்வாசலைத் திறந்துவிட்டேன். மாப்பிள்ளையும் பெண்ணும் தவில்காரரும் அறுபது ஜனமும் என் அடுப்படி வழியாக நுழைந்து, தையல் மெஷினைச் சுற்றி, முன்வாசல் வழியாக வெளியே போனார்கள், மேலேயிருந்து மதாம் அவர்கள்மேல் காகிதப்பூவை அள்ளிப் போட்டார்.

என் கோலங்கள் வீட்டுக்கு அடியில் போய், ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கழித்துப் பின்சுவருக்கு அடியிலிருந்து போட்டது போட்டபடி வெளியே வந்தன. ஒரு புள்ளி கலையவில்லை. பொங்கல் பானைக் கோலம் மாசி இருபது வாக்கில் வந்தது. தெருப் பெண்கள் அதைப் பார்த்து நாள் கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

எது நடக்கிறது, மேல் வீடா கீழ் வீடா என்பதுதான் டீக்கடையில் பேச்சு. மேல் மாடிக்குத்தான் கடல் மேல் ஆசை, பிரெஞ்சுக்காரன் கட்டியதுபோல் இருப்பதால் தன் ஜனத்தோடு சேரப் பார்க்கிறது என்றார்கள் சிலர். "ஆசை மேல் வூட்டுக்கு, காலு கீழ் வூட்டுக்கு," என்றார் இஸ்திரி போடும் சம்பந்தம். "பொண்டாட்டி கேட்டான்னு புருஷன் சுமந்துக்கினு போறான், வேறென்ன."

சம்பந்தத்தைப் பற்றியும் மற்ற மூன்று பேரைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் வடக்குச் சுவரில் நாள் முழுக்க நிழல் இருக்கும், அங்கே சம்பந்தத்தின் இஸ்திரி வண்டி. தெற்குச் சுவரில் நாள் முழுக்க வெயில், அங்கே அப்பளம் போடும் ருக்மாங்கதன் பாய்களைச் சாத்திக் காயவைப்பார். பின்சுவரில் காலை நிழல், அங்கே மீன் விற்கும் பச்சைவாழி. முன்வாசலில் பிற்பகல் நிழல், அங்கே பூ கட்டும் அம்சவல்லி. நாலு பேருக்கும் சொந்தமாக ஒரு கல்கூடக் கிடையாது, எங்கள் வீட்டின் நிழலும் வெயிலும்தான் கடை. அதனால் வீடு ஓர் அடி நகர்ந்தால் அவர்களும் ஓர் அடி நகர்ந்தார்கள். பெரிய விஷயமாக அதைப் பேசவில்லை. காலையில் வந்ததும் சம்பந்தம் வண்டியை ஒரு தள்ளு தள்ளுவார், பச்சைவாழி பலகையை ஓர் இழுப்பு இழுப்பாள், முடிந்தது.

எனக்கு மட்டும் முடியவில்லை. தை முதல் நாளே நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நிலைப்படியிலிருந்து வாய்க்கால் வரை அளந்தேன், இருநூற்றுப் பத்து அடி இருந்தது, ஏழு மாதம், ஆடி முடியும்போது வாய்க்கால். அதற்கு அப்பால் ஐந்து மடங்கு. ஐந்து மடங்கு கொடுக்க எங்களால் முடியாது, ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் போக வேண்டும், அங்கே யார் என்னைத் தேடிவந்து ஜாக்கெட் தைத்துக்கொள்வார்கள். மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"மதாம், வூடு அந்தாண்ட போயிட்டா எங்க கதி?"

மதாம் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. "முதல்ல போவட்டும் அஞ்சலை. போனப்புறம் பாப்போம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகச் சொன்னார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தை பிறந்ததும் வழக்கம்போலப் பத்திரம் எழுதும் வைத்திலிங்கம் வந்தார். பத்திரத்தில் வீட்டைச் சொல்வதற்கு நான்கெல்லை எழுதுவார்கள். கிழக்கே இது, மேற்கே இது, வடக்கே இது, தெற்கே இது, இந்த நாலுக்கும் நடுவில் இருப்பதுதான் அந்த வீடு. அவர் பத்தொன்பது வருஷமாகப் பழைய பத்திரத்தைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதுகிறவர். இந்த வருஷமும் "மேற்கே கிணறு, வடக்கே மளிகைக்கடை" என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"கிணறு அங்கியே நின்னுபோச்சுங்க," என்றேன். "மளிகைக்கடையும் பின்னால போயிடுச்சு."

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இப்ப இருக்கிறத எழுதுறன்," என்றார்.

"இப்ப இருக்கிறது நாளைக்கு இருக்காதுங்களே."

"அப்ப நான் எதைம்மா எழுதறது?"

ஏழாம் வகுப்பு படித்தவள் பத்திரம் எழுதுகிறவருக்குச் சொல்லலாமா. ஆனாலும் சொல்லிவிட்டேன். "கூடவே வர்றது நாலுதாங்க இருக்கு. அத எழுதுங்க. கிழக்கே பூ கட்டும் அம்சவல்லி, மேற்கே மீன் விற்கும் பச்சைவாழி, வடக்கே இஸ்திரி வண்டி சம்பந்தம், தெற்கே அப்பளம் ருக்மாங்கதன்."

"மனுஷாளை எல்லையா போடக் கூடாதும்மா. மனுஷன் எழுந்து போயிடுவான். மரம், கிணறு, செவுரு, இதெல்லாம்தான் நிலையா நிக்கும்."

"அதான் எல்லாம் நின்னுபோச்சே," என்றேன்.

வைத்திலிங்கம் பேனா மூடியைக் கடித்தார். மேலேயிருந்து இறங்கிவந்த மதாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எழுதுய்யா. அவளுக்கு ஆசையா இருந்தா தெருநாயக்கூட எழுது," என்று கையெழுத்துப் போட்டார். நான் அன்றைக்கு நாலு பேருக்கும் பாயசம் கொடுத்து, இந்தப் பதினொரு மாதமும் இடத்தை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். "பாயசத்துல முந்திரி கம்மி," என்றாள் பச்சைவாழி. "இருந்தாலும் நிக்கறன், போ."

ஆனி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை, வாசலில் கோலம் இல்லை. மூன்று நாளும் வீடு நகரவில்லை. எதிர்க்காற்று அடிக்கிறது, அதனால் நின்றிருக்கிறது என்றார்கள் டீக்கடையில். நாலாம் நாள் தலை சுற்றச் சுற்றப் போய் ஏழு புள்ளிக் கோலம் ஒன்று போட்டேன். மறுநாள் காலை ஆட்டுக்கல் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. விருந்தாளியை வரச்சொல்லி வாசலில் கோலம் போடுகிறோம், இந்த வீடு தன்னையே வரச்சொன்னதாக எடுத்துக்கொண்டு, தன் வாசல் கோலத்தின்மேல் தானே காலை எடுத்து வைத்திருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கோலத்தை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் வாசலை வெறுமையாக விட எனக்குக் கை வரவில்லை, மேலே மதாம் காலையில் ஜன்னலைத் திறந்து கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். கார்த்திகை வரை பத்திரம் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆடி முடிந்து, ஆவணி பிறந்து சில நாளில் வீடு வாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்தது. நிலைப்படியை ஒட்டித் தண்ணீர். கோலம் போட இடமில்லை. வீடு நின்றது.

ஊரே வந்து காத்திருந்தது, கடலை விற்பவர்கள்கூட வந்தார்கள், ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இங்கேயே நின்றால் மேற்கு வாடகைதான், டேப்பையும் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் மேலே மதாம் முதல் வாரம் நீலக் கவுன் போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தார், இரண்டாம் வாரம் பவுடர் பூசவில்லை, மூன்றாம் வாரம் ஜன்னலைத் திறக்கவில்லை. சாப்பாடு கொண்டுபோனேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், அந்த நேரான முதுகு கொக்கிபோல வளைந்திருந்தது.

"முப்பது அடி அஞ்சலை," என்றார். "எங்க வூட்டுக்காரரும் இந்தாண்டதான் நின்னுட்டாரு."

அன்றைக்கு முழுக்க நான் எதையும் சரியாகத் தைக்கவில்லை, ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துவிட்டேன். சாயங்காலம் கணவரிடம், ரொட்டிக் கடைக்குச் சாமான் வரும் மரப்பெட்டிகள் இருக்கிறதே, அந்தப் பலகை வேண்டும் என்றேன்.

"எத்தினி?"

"முப்பது."

ஏன் என்று கேட்கவில்லை. சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டு, "இன்னைக்கு மாவு நல்லா உப்புச்சு," என்றார். இந்த மனுஷனோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

புரட்டாசி முதல் நாள் நிலைப்படியில் குப்புறப் படுத்து, ஒரு பலகையைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு, வாசல் தூணோடு கயிற்றால் கட்டி, நனையாமல் அதன்மேல் கோலம் போட்டேன். மறுநாள் வீடு பலகையின்மேல் ஏறி நின்றது, பலகை முழுகவில்லை, பூனை ஏறியதுபோல் லேசாக ஆடியது. அடுத்த நாள் அடுத்த பலகை. ஒரு பலகைக்கு ஒரு கோலம், ஒரு கோலத்துக்கு ஓர் அடி, முப்பது நாள். தெரு முடியும் இடத்தில் வடக்கு ஓரமாக ஒரு நடைபாலம் இருந்தது, சம்பந்தம் இஸ்திரி வண்டியை அதன்மேல் ஏற்றிவிட்டார், போகிறவர்கள் ஒருக்களித்து நடந்து அப்படியே துணியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ருக்மாங்கதன் தெற்கு ஜன்னல் கம்பிகளில் கயிறு கட்டிப் பாய்களைச் சுவரோடு தொங்கவிட்டு, வாய்க்கால் கட்டைச்சுவரில் உட்கார்ந்து காக்கை ஓட்டினார். அம்சவல்லி கூடையோடு அக்கரைக்குப் போய் வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் பச்சைவாழி இக்கரையிலேயே. வாய்க்கால் நாற்றத்தை மீறி அந்த மாதம் எங்களைச் சுற்றி மல்லிகையும் உளுந்தும் கஞ்சித்துணியும் மீனும் மணத்தன.

மதாம் மறுபடியும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டார்.

அக்கரைக்குப் போனதும் நான் ஒன்பது நாள் மண்ணில் கோலம் போட்டேன், ஒன்பது அடி. அதற்கு மேல் போடவில்லை. நாற்பத்தெட்டு அடி வீட்டில் முப்பது தண்ணீர்மேல் போனால் மீதி பதினெட்டு. முன்னால் ஒன்பது கிழக்கே, பின்னால் ஒன்பது மேற்கே, துணியை மடித்துப் பாதி பார்ப்பதுபோலப் பார்த்துத்தான் நிறுத்தினேன். ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது, கார்த்திகை பாதி வரை விடவில்லை, கோலம் இல்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. மதாம் முன் ஜன்னலில் கடற்காற்றை வாங்கிக்கொண்டு, மஞ்சள் வீட்டுக்காரர்கள் தெருவில் போகும்போது, நேற்று வந்தவர்போல் இல்லாமல், தலையை மட்டும் லேசாக அசைத்தார். கிழக்குத் தெருவும் எங்களை நன்றாகவே எடுத்துக்கொண்டது. எதிர்வீட்டு வயசான பிரெஞ்சு மாது ஒருத்தி முதல் வாரமே என்னிடம் திரைச்சீலை தைக்கக் கொடுத்தாள்.

மழை விட்டதும் ஒருவர் வந்தார். நிர்மல் என்று பெயர், கிழக்குப் பக்கத்து வீடுகளை எடுத்து வெளியூர் ஜனங்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறவர், நல்ல பேச்சு, நல்ல சட்டை, ஒரு பட்டன் மட்டும் வேறு நிற நூலில் தைத்திருந்தது. காலை பத்து மணி. மதாம் வைத்திலிங்கத்தையும் வரச்சொல்லியிருந்தார்.

"மேடம், உங்க அக்ரிமென்ட்ல இருக்கிறது வாய்க்காலுக்கு மேற்க இருந்த வீடு," என்றார் நிர்மல். "இது கிழக்க வந்துடுச்சு. அது வேற வீடு, இது வேற வீடு. இவங்க அந்த வீட்டுக்குத்தான் குடித்தனம். கீழ்ப்பக்கத்தை இப்பவே நான் எடுத்துக்கறேன்."

மதாம் என்னைப் பார்க்கவில்லை. "படிய்யா," என்றார் வைத்திலிங்கத்திடம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "வடக்கே இஸ்திரி வண்டி சம்பந்தம்."

"இருக்கன்," என்றார் சம்பந்தம் ஜன்னல் வழியாக. "சட்டையக் குடுங்க சார், காலர் மடங்கியிருக்கு."

"தெற்கே அப்பளம் ருக்மாங்கதன்." பாயை விலக்கி ஒரு கை தெரிந்தது. "மேற்கே மீன் விற்கும் பச்சைவாழி."

"எங்க போவப்போறன், வஞ்சிரம் இன்னும் அரைக் கூடை கெடக்கு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"கிழக்கே பூ கட்டும் அம்சவல்லி."

சத்தம் இல்லை. அவளுக்குப் பிற்பகல் நிழல், அவள் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவாள். முன்வாசலில் அவள் கோணி மட்டும் மடித்துக் கிடந்தது.

"கிழக்க யாரும் இல்லியே," என்றார் நிர்மல், மரியாதையாகத்தான் சொன்னார். "மூணு எல்லையோட ஒரு வீடு கிடையாதுங்களே."

"காபி சாப்பிடுங்க," என்றேன். டிக்காஷன் இறங்க நேரமாகும் என்றேன், பால் இப்போதுதான் வைத்தேன் என்றேன், சர்க்கரை டப்பாவைத் தேடினேன், கையில் வைத்துக்கொண்டே தேடினேன். அதற்குள் சம்பந்தம் பாலத்திலிருந்து ருக்மாங்கதனுக்கு ஏதோ ஜாடை காட்ட, அவர் பச்சைவாழிக்குச் சொல்ல, அப்போதுதான் வேலை முடிந்து பின்வாசலில் சைக்கிளை நிறுத்திய என் கணவரிடம் அவள் ஒரே வார்த்தை சொன்னாள். அவர் இறங்காமலே திருப்பினார். நிர்மல் இரண்டாவது காபியில் பாதி குடித்திருந்தார். முன்வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ரொட்டிக் கூடை கட்டும் கேரியரில், பாதி கட்டிய மல்லிகைச் சரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலைகூட வாராமல் அம்சவல்லி உட்கார்ந்திருந்தாள். இறங்கிக் கோணியை விரித்து, வெயிலில் உட்கார்ந்து, சரத்தை எடுத்துவிட்டு, "யாரு என்னிய கேட்டது?" என்றாள்.

வைத்திலிங்கம் பத்திரத்தை மடித்தார். "நாலெல்லையும் சரியா இருக்குங்க. இந்த வீடுதான் அந்த வீடு. கார்த்திகை முடிய அவங்களது."

"சரி, அடுத்த மாசம் வர்றேன்."

"அடுத்த மாசம் மார்கழி," என்றார் மதாம் குறுக்கிட்டு. "மார்கழியில யாரும் வூடு மாறமாட்டாங்க தம்பி. தையில பாக்கலாம்." எங்களைக் கிளப்புவார், கிளப்பமாட்டார், இரண்டுக்கும் நடுவில் அந்தச் சொல் நின்றது. மதாம் படியேறிப் போய்விட்டார்.

அப்படி மார்கழி வந்தது. கையில் பத்திரம் இல்லை. மார்கழியில் கோலம் போடாமல் இருக்க முடியாது, போட்டால் வீடு கிழக்கே நகரும், நாளுக்கு ஓர் அடியாக ஒன்பது நாளில் பின்பக்கமும் தண்ணீரில் இறங்கிவிடும், பச்சைவாழி எல்லை அறுந்துபோகும், அப்புறம் முழுக்கக் கிழக்கு வீடுதான். அதனால் மார்கழி முதல் நாள் இருட்டோடு எழுந்து முன்வாசலில் பதினைந்து புள்ளி வைத்துக் கோலம் போட்டேன், ஓடிப்போய்ப் பின்வாசலிலும் பதினைந்து புள்ளி வைத்து அதே கோலத்தைப் போட்டேன். மறுநாள் காலை ஆட்டுக்கல் சத்தம் வந்தது, முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், அப்புறம் நின்றது. டேப்பால் அளந்தேன். நூலிழை அசையவில்லை. இப்படியே தினமும் இரண்டு கோலம், முதலில் முன்னால், பிறகு பின்னால், இரண்டுக்கும் அதே புள்ளி, அதே கோடு.

இருபதாம் நாள் பின்வாசலில் குனிந்து போட்டுக்கொண்டிருந்தேன். மாடியில் பின் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. ஐம்பது வருஷமாகக் கிழக்கு ஜன்னலில் மட்டும் உட்கார்ந்தவர், மேற்கு ஜன்னலில் கையூன்றி, நாங்கள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகுத்திரிக்காரத் தெரு நெடுக, அவர் பிறந்த முனை வரை, மழையில் அழிந்தது போக மிச்சமான என் கோலங்களைத் தெருப் பெண்கள் ஆளுக்கு ஒன்றாக மறுபடி எடுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளையாக ஒரு பாதை. எனக்கு எழுந்து நிற்கவா உட்காரவா என்று தெரியவில்லை. இத்தனை நாள் செய்ததெல்லாம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"அஞ்சலை," என்றார் மதாம். "தையில வைத்திலிங்கத்த வரச்சொல்லியிருக்கன். அதே நாலு பேரயும் போட்டு எழுதச் சொல்லு. அதுவரைக்கும் வூடு இங்கியே நிக்கட்டும்."

"சரிங்க மதாம்."

"பின்வாசல்ல ஒரு புள்ளி குறையுது பாரு."

குனிந்து எண்ணினேன். மூன்றாம் வரிசையில் பதினாலுதான் இருந்தது. விரல் நுனியில் கொஞ்சம் மாவெடுத்து, அந்த ஒரு புள்ளியை வைத்தேன்.